பெல்ட்டக்கா பஸ்ஸில் வருவார்

பெரிய மனிதரின் நெற்றியில் உள்ளங்கையை வைத்துப் பின்னால் ஒரு தள்ளு தள்ளுகிறார் பெல்ட்டக்கா. ஆசீர்வாதம் செய்கிற கை அல்ல அது. மழைக்கு உப்பிப்போன கதவைத் தள்ளித் திறக்கிற கை. பெரிய மனிதரின் தலை, தோளைக்கூட எட்டாத சீட்டு முதுகைத் தாண்டிப் பின்னால் கவிழ்கிறது. வாய் தானாகத் திறந்துகொள்கிறது. தன் காரின் உட்கூரையில் எவ்வளவு நேர்த்தியான துணி போர்த்தியிருக்கிறார்கள் என்பதை இத்தனை வருடங்களில் இன்றுதான் அவர் பார்க்கிறார்.

"இப்ப உங்க தலை எங்க இருக்கு சார்?"

"விடுங்கம்மா, வலிக்குது!"

"வலிக்கத்தான் செய்யும். இது என் கை. லாரிக்காரன் பின்னாடி வந்து தள்ளும்போது இவ்வளவு மரியாதையாத் தள்ளமாட்டான்."

மற்ற பட்டறைகளில் வந்தவருக்கு நாற்காலி போடுவார்கள், குடிக்கத் தண்ணீர் கொடுப்பார்கள். இங்கே இதுதான் வரவேற்பு. பழைய கார்களுக்கு சீட் பெல்ட்டும் ஹெட்ரெஸ்ட்டும் பொருத்துவது அக்காவின் தொழில். அந்தக் கார்கள் செய்யப்பட்ட நாளில் இரண்டும் கிடையாது. அன்றைக்கு மனிதர்களுக்குக் கழுத்து இல்லாமல் இருந்ததா, இல்லை இருந்தும் யாரும் கவலைப்படவில்லையா என்பது அவருக்கு இன்றுவரை தீராத சந்தேகம்.

நெற்றியைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தவர் பழைய கார் வைத்திருப்போர் சங்கத்தின் தலைவர். சங்கத்துக்காரர்கள் தனிப் பிறவிகள். மட்கார்டில் ஒரு கீறல் விழுந்தால் அன்று அவர்களுக்குச் சோறு இறங்காது. சக்கரத்து மூடியைப் பல்குச்சியால் சுத்தம் செய்வார்கள். வண்டிக்கு மூன்று அடுக்குப் போர்வை உண்டு. வெயிலுக்கு ஒன்று, தூசிக்கு ஒன்று, கண்பட்டுவிடாமல் இருக்க ஒன்று. இவ்வளவும் செய்துவிட்டு, பேரப்பிள்ளையை முன்சீட்டில் நிற்கவைத்து, கண்ணாடிக்கு நேராக அதன் மூக்கு இருக்கும்படி ஊர்வலம் போவார்கள்.

"எல்லாம் சரிம்மா. ஆனா வண்டியில ஒரு ஓட்டைகூட போடக்கூடாது. ஒரிஜினல் போயிடும்" என்றார் தலைவர், கழுத்தைத் தடவிக்கொண்டே.

"மண்டையில விழலாமா? அதுவும் ஒரிஜினல்தானே சார். கம்பெனியில இன்னொண்ணு கிடைக்காது."

"சீட்டு ஃபிரேமோட சேத்து பெல்ட்டை மாட்டிடுங்களேன். வெளிய தெரியாது."

"மாட்டலாம். ஆனா அந்த சீட்டையே சுண்டுவிரல் மொத்த போல்ட்டுதான் புடிச்சிட்டிருக்கு. மோதினா நீங்க சீட்டைக் கட்டிப்புடிச்சிக்கிட்டு, ரெண்டு பேரும் ஜோடியா கண்ணாடி வழியா வெளிய போவீங்க. பாக்க நல்லாத்தான் இருக்கும்."

தலைவர் முகம் சிவந்து வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுவாரம் திரும்பி வந்தார். "நானே யோசிச்சுப் பாத்தேன்" என்றார். அக்கா தலையை ஆட்டினார். இப்படி வருகிற ஆண்கள் அத்தனை பேரும் தாங்களே யோசித்துப் பார்த்தவர்கள். அந்த யோசனை வீட்டில் எந்த அறையில், யார் குரலில் நடந்தது என்பதை அவர் கேட்பதில்லை. அவ்வளவு நாகரிகம் அவருக்கு உண்டு.

டயர் கடைக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை அது. ஒரு பாதியில் தையல் மெஷின், ரெக்ஸின் சுருள்கள், பஞ்சு மெத்தைத் துண்டுகள். மறுபாதியில் வெல்டிங் மெஷின், இரும்புத் தகடுகள், அக்காவின் தம்பி. வெல்டிங் வேலை முழுக்கத் தம்பியுடையது. அக்கா சொல்கிற இடத்தில் தீப்பொறி பறக்கும். சொல்லாத இடத்தில் பறந்தால் அக்காவின் வாயிலிருந்து பறக்கும். இரண்டு பாதிக்கும் நடுவில் உத்தரத்தில் ஒரு கொக்கி. புதிதாக வரும் பெல்ட்டை அதில் மாட்டி, மறுநுனியைப் பிடித்துத் தொங்கி, ஒரு குதி குதித்துப் பார்ப்பார். ஆள் கனமானவர். அதை அவர் ஒரு குறையாக நினைப்பதில்லை. பட்டறையின் சாமான்களில் ஒன்றாக நினைக்கிறார். "என்னைத் தாங்கினா உங்க வீட்டம்மாவைத் தாங்கும்" என்று உத்தரவாதம் கொடுப்பார். அந்த வீட்டம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாலும் கொடுப்பார்.

அடக்கம் என்பது அவரிடம் மருந்துக்கும் கிடையாது. சீட்டுத் தையலுக்குப் பொருத்தமான நூல் நிறம் தேடி ஒரு நாள் முழுவதும் அலைவார். பெல்ட் இறங்கும் இடத்தைத் தரைவிரிப்புக்கு அடியில் மறைத்து, ஹெட்ரெஸ்ட்டுக்கு அதே ரெக்ஸினில் உறை தைத்து, கடைசியில் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்து, "காரை விட இது அழகா வந்துடுச்சு" என்பார். சொந்தக்காரர் சிரிப்பார். அக்கா சிரிக்கமாட்டார். ஹெட்ரெஸ்ட்டைத் தலையணை என்று யாராவது சொல்லிவிட்டால் போச்சு. "சாஞ்சு தூங்கறதுக்கு வீட்ல கட்டில் இருக்கு. இது தலைய நிறுத்தற சுவரு. சுவரு காதுக்குக் கீழ நின்னா, அது சுவரு இல்ல, திண்டு."

காரை நிறுத்துவதைப் பற்றி இவ்வளவு பேசுகிறவருக்குக் காரை ஓட்டத் தெரியாது. ஓட்டுநர் தேர்வுக்குப் போய், தேர்வு அதிகாரி பெல்ட்டை முறுக்கிப் போட்டிருக்கிறார் என்று அந்த அதிகாரியையே இறக்கி மறுபடி உட்காரவைத்ததில் தேர்வு அங்கேயே முடிந்துவிட்டது. அதன்பிறகு முயலவில்லை. தொலைக்காட்சித் தொடரில் கதாநாயகி அழுதுகொண்டே கார் ஓட்டிப் போனால் வீட்டில் யாருக்கும் கதை கேட்காது. "அழு, நல்லா அழு. முதல்ல பெல்ட்டைப் போட்டுட்டு அழு!" என்று கத்துவார். கதாநாயகிக்கு மறதி நோய் வந்தபோது, "கழுத்துல அடிபட்டா மூளைக்கும்தான் போகும்" என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தார். வைத்தியர்கள் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். அவர் வைத்தியர்களைக் கேட்கவுமில்லை.

இந்த வேலைக்கு அவர் வந்த கதையை எப்போதாவது சொல்வார். கல்யாணத்துக்கு முன்பே அவர் சீட்டு உறை தைத்தவர். கல்யாணமாகிச் சில வருடங்கள் கழித்து, உறை மாற்றச் சொல்லி ஒரு கார் வந்தது. முன்சீட்டின் முதுகில், ரெக்ஸினில், அரைவட்டமாக ஒரு தடம். என்ன தடம் என்று விரலை வைத்துப் பார்த்தார். பல். பின்சீட்டில் உட்கார்ந்திருந்த யாரோ ஒருவருடைய மேல்வரிசை முழுவதும் அச்சுப் பிசகாமல் பதிந்திருந்தது. கேட்டதற்கு, வண்டிக்காரர், "சின்ன மோதல்தான். வண்டிக்கு ஒண்ணும் ஆகல" என்றாராம். வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை என்ற அந்த வாக்கியத்தை அக்கா இன்றுவரை மன்னிக்கவில்லை.

அந்த வாக்கியத்தைச் சொல்லக்கூடிய ஒருவரோடுதான் அவர் குடும்பம் நடத்துகிறார் என்பது விதியின் தையல்.

அக்காவின் வீட்டுக்காரர் மருந்துக்கடை வைத்திருக்கிறார். அந்தப் பக்கத்திலேயே அவரைப்போல ஜாக்கிரதையான ஆள் கிடையாது. இருமல் மருந்து வாங்க வந்தவரை நிறுத்தி, காலாவதித் தேதியை வாய்விட்டுப் படிக்கச் சொல்வார். சாப்பிட்டபிறகு போடவேண்டிய மாத்திரையைச் சாப்பிடும் முன் போட்டால் குடல் என்ன பாடுபடும் என்று கையால் நடித்துக் காட்டுவார். வீட்டில் தரை துடைத்திருந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பார். இந்த மனிதரிடம் வெளிர்நீலத்தில் ஒரு பழைய கார் இருக்கிறது. கோழி அடைத்துவைத்திருந்த ஒரு கொட்டகையிலிருந்து அதை மீட்டு, திருகு திருகாகத் தேடிப்பிடித்து உயிர் கொடுத்தார். அதில் பெல்ட் இல்லை. தலைக்குப் பின்னால் ஒன்றும் இல்லை, காற்றைத் தவிர.

"ஓட்டை போடறதுன்னா என் நெஞ்சுல போடு" என்பார்.

"அங்க போட்டா பெல்ட்டு நிக்காது. தகடு மெலிசு."

அவருடைய கடைசி அஸ்திரம் வேறு. அந்தக் காரின் சீட்டுகளைத் தைத்தவரே அக்காதான். கல்யாணமான புதிதில், சம்பளம் கேட்காமல் தைத்த ஒரே சீட்டு அதுதான். ஹெட்ரெஸ்ட் வைக்க வேண்டுமானால் அந்தத் தையலைப் பிரித்தாக வேண்டும். "நீ தெச்சது. அதைப் போய்ப் பிரிக்கச் சொல்றியே" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார். அது அன்பா தந்திரமா என்று அக்காவுக்கு இன்றுவரை பிடிபடவில்லை. அதனால் அந்த இடத்தில் மட்டும் அவருக்குப் பதில் வராது.

பதில் வராவிட்டால் என்ன, கால் இருக்கிறது. அந்தக் காரில் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டார். சொன்னதோடு நிற்கவில்லை, பஸ்ஸில் போக ஆரம்பித்தார். குடும்பமாக எங்கே புறப்பட்டாலும் இதுதான் ஏற்பாடு. முன்னால் பஸ்ஸில் அக்கா. பின்னால் வெளிர்நீலக் காரில், பஸ்ஸின் புகையைக் குடித்துக்கொண்டு, மருந்துக்கடைக்காரர். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பஸ் நிற்கும், இவரும் நிற்பார். ஹாரன் அடிப்பார். அக்கா திரும்பமாட்டார். இறங்கவேண்டிய இடத்தில் இருவரும் இறங்கி, சேர்ந்து வாசலுக்கு நடந்து, சிரித்த முகத்தோடு உள்ளே போவார்கள். நடத்துநர்கள் பழகிவிட்டார்கள். "பாதுகாப்புப் படை வந்துடுச்சா, போலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் விசில் கொடுப்பார்கள்.

"பஸ்ல மட்டும் பெல்ட் இருக்கா? ஹெட்ரெஸ்ட் இருக்கா?" என்று ஒருநாள் மடக்கினார் மருந்துக்கடைக்காரர்.

"இல்ல. ஆனா பஸ் பெருசு. மோதினா அடுத்தவனுக்குத்தான் அடி."

"இது என்ன நியாயம்?"

"நியாயம்னு யாரு சொன்னா? எடைன்னு சொன்னேன்."

இப்படி வருடக்கணக்காக நடந்தது. நாத்தனார் வீட்டு விருந்துக்குப் போகிற அன்றைக்கும் இப்படித்தான் புறப்பட்டார்கள். பஸ்ஸில் கூட்டம். அக்காவுக்குக் கடைசி வரிசையில்தான் இடம் கிடைத்தது. பின்கண்ணாடி பக்கத்திலேயே இருந்தது. சிக்னலில் பஸ் நின்றது. வழக்கமான ஹாரன் கேட்டது. அன்றைக்கு ஏனோ, புது இடத்தில் உட்கார்ந்த வேடிக்கையில், அக்கா திரும்பிப் பார்த்துவிட்டார்.

கண்ணாடிக்குக் கீழே வெளிர்நீல மூக்கு. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் புதுச்சட்டையில் தன் வீட்டுக்காரர். மனைவி திரும்பிப் பார்த்த ஆச்சரியத்தில் அவர் கையைத் தூக்கினார். அந்தக் கை மேலே போய்க்கொண்டிருக்கும்போதே, அவருக்குப் பின்னால் ஒரு ரொட்டி வேன் வந்து முட்டியது. பெரிய முட்டல் இல்லை. சத்தம்கூடப் பாத்திரம் விழுந்த மாதிரிதான் கேட்டது. ஆனால் அவருடைய தலை சீட்டைத் தாண்டிப் பின்னால் போனது. முகவாய் வானத்தைப் பார்த்தது. தொண்டை முழுவதும் தெரிந்தது. அப்புறம் தலை முன்னால் வந்து விழுந்தது, துவைத்த துணியை உதறும்போது அதன் நுனி வருவது போல.

தினமும் பத்துப் பேருக்கு அக்கா செய்துகாட்டிய வித்தைதான். ஆனால் கை அவருடையதாக இல்லை. போன தலையும் வேறு யாருடையதோ இல்லை.

பஸ்ஸிலிருந்து எப்படி இறங்கினார் என்று அவருக்கு நினைவில்லை. இறங்கிப் பார்த்தபோது மருந்துக்கடைக்காரர் காரை விட்டு வெளியே வந்து, ஒரு கையால் பிடரியைப் பிடித்துக்கொண்டு, நேராகப் பின்பக்கத்துக்குப் போய் பம்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார். குனிய முடியவில்லை, அதனால் உடம்பை மொத்தமாகச் சாய்த்துப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"ஒரு கீறல் இல்ல பாத்தியா! அந்தக் காலத்து இரும்பு! வேனுக்குத்தான் முன்னாடி நசுங்கிப்போச்சு. வண்டிக்கு ஒண்ணும் ஆகல!"

சொல்லிவிட்டு அவர் காத்திருந்தார். இந்த வாக்கியத்துக்கு என்ன கிடைக்கும் என்று அவருக்குத் தெரியும். ரொட்டி வேன்காரரும், தன் பங்குக்கு என்ன கிடைக்குமோ என்று வேன் கதவோரம் ஒதுங்கி நின்றிருந்தார்.

அக்கா வேனின் கதவைத் திறந்து உள்ளே பார்த்தார். புது வேன். உயரமான சீட்டு, பெல்ட், ஹெட்ரெஸ்ட், எல்லாம் இருந்தன. வீட்டுக்காரரின் முழங்கையைப் பிடித்து அதில் ஏற்றி, பெல்ட்டை இழுத்து மாட்டி, ஹெட்ரெஸ்ட்டைத் தலை உயரத்துக்குத் தூக்கிவிட்டு, தானும் பக்கத்தில் ஏறி மாட்டிக்கொண்டார். "ஆஸ்பத்திரி" என்றார் வேன்காரரிடம். அந்த ஒரு வார்த்தைதான். வழியெல்லாம் சுடச்சுட ரொட்டி வாசனை. மருந்துக்கடைக்காரரால் திரும்பிப் பார்க்க முடியவில்லை என்பதால், தெருவோரத்தில் அநாதையாக நின்ற தன் காரைக் கண்ணாடியில்தான் கடைசியாகப் பார்த்தார். அதைத் தம்பி வந்து எடுத்துப் போனான்.

எலும்புக்கு ஒன்றுமில்லை, தசைதான் என்றார் டாக்டர். கழுத்துப் பட்டை ஒன்றை மாட்டி, சில வாரம் கழற்றக் கூடாது என்றார். மருந்துக்கடைக்காரர் அந்தப் பட்டையோடு கடையில் நின்றார். மாத்திரை எடுக்க அலமாரிப் பக்கம் திரும்பவேண்டுமென்றால் ஆளே திரும்பவேண்டும். சாவி கொடுத்த பொம்மை மாதிரி திரும்புவார். கேட்டவர்களுக்கெல்லாம், "தூக்கத்துல சுளுக்கு" என்றார். தலையணையின் மேல் பழி விழுந்தது. தலையணை மறுத்துப் பேசவில்லை.

வீட்டில் மறுத்துப் பேசவேண்டிய ஆளும் பேசவில்லை. அதுதான் அவரை வதைத்தது. முதல்நாள் தப்பித்தோம் என்று நினைத்தார். மறுநாள் புயலுக்கு முந்தைய அமைதி என்று நினைத்தார். புயல் வரவே இல்லை. "சாப்பாடு எடுத்து வச்சிருக்கேன்." "கதவு சாத்தியாச்சு." இவ்வளவுதான் பேச்சு. ஒருநாள் தொடரில் கதாநாயகி மறுபடியும் அழுதுகொண்டே, பெல்ட் போடாமல், மலைப்பாதையில் கார் ஓட்டினாள். மருந்துக்கடைக்காரர் ஆவலோடு மனைவி பக்கம் மொத்தமாகத் திரும்பினார். அக்கா திரையைப் பார்த்தார். எழுந்து, தொலைக்காட்சியை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

"இடிச்சது பின்னாடி. பெல்ட்டு இருந்திருந்தா மட்டும் என்ன பண்ணியிருக்கும்?" என்று அவர் வலிய வம்புக்கு இழுத்துப் பார்த்தார். முழுக்க நியாயமான கேள்வி. பெல்ட் ஒன்றும் செய்திருக்காது, ஹெட்ரெஸ்ட்தான் செய்திருக்கும். அதைச் சொல்லவாவது வாய் திறப்பார் என்று எதிர்பார்த்தார். உள்ளே குழாயில் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

கொஞ்ச நாள் கழித்து, கையில் தீப்புண்ணோடு மைத்துனன் மருந்து வாங்க வந்தான்.

"மாமா, பட்டறையில அக்கா சரியில்ல."

"எங்கிட்டதான் பேசறதில்லன்னு நினைச்சேன்."

"பேசறது இருக்கட்டும். யாரையும் தள்றதே இல்ல. சங்கத்துத் தலைவர் ஹெட்ரெஸ்ட் அளவு பாக்க வந்தாரு. வந்து உக்காந்து, கண்ணை மூடிக்கிட்டு, நெத்தியக் காட்டறாரு. அக்கா பேசாம டேப்பை எடுத்து அளந்துட்டுப் போயிட்டா. 'என்னம்மா, தள்ளலையா?'ன்னு அவரே கேக்கறாரு. ஏமாத்தமாப் போச்சு மனுஷனுக்கு."

"ஏன் அப்படி?"

"எனக்கென்ன தெரியும்? கையை நெத்தி வரைக்கும் கொண்டுபோறா. அப்புறம் எடுத்துடறா. நேத்து ஒருத்தர் நெத்தியில கையை வச்சிட்டு அப்படியே நின்னுட்டா. காய்ச்சல் பாக்கறாங்கன்னு நினைச்சு, 'நேத்து ராத்திரியே விட்டுடுச்சும்மா'ங்கறாரு அந்த ஆளு."

மருந்துக்கடைக்காரர் சிரிக்கவில்லை. தீப்புண் மருந்தின் காலாவதித் தேதியைப் படிக்கச் சொல்லவும் மறந்துவிட்டார்.

டாக்டர் சொன்ன கெடு முடிந்ததும், வார விடுமுறை அன்று, கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, வெளிர்நீலக் காரை அவரே ஓட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். உள்ளே நேராக நுழையவில்லை. வரிசையில் நின்ற கார்களுக்குப் பின்னால் தன் காரை நிறுத்திவிட்டு, மற்றவர்களோடு சேர்ந்து நின்றார். அக்கா மெஷினிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். பார்த்ததைக் காட்டிக்கொள்ளவில்லை. அவர் முறை வரும்வரை காக்கவைத்தார்.

"என்ன சார் வேணும்?"

"பெல்ட். ஹெட்ரெஸ்ட்டும்."

"ஓட்டை போடணுமே."

"தெரியும்."

"ஒரிஜினல் போயிடும்."

"போகட்டும்."

"யாரு சொல்லி வந்தீங்க? நீங்களே யோசிச்சுப் பாத்தீங்களா?"

அந்தக் குரலில் பழைய உப்பு ஒரு சிட்டிகை இருந்தது. மருந்துக்கடைக்காரருக்கு அதைக் கேட்டதும் தோள் இரண்டும் இறங்கின. "கடையில எல்லாத்துக்கும் மருந்து வச்சிருக்கேன். நீ பேசாம இருக்கறதுக்கு ஒண்ணும் இல்ல" என்றார்.

அக்கா போய்க் காரின் கதவைத் திறந்தார். பஸ்ஸில் போக ஆரம்பித்தபிறகு அதன் கைப்பிடியை அவர் தொட்டது அன்றுதான். முன்சீட்டில் உட்கார்ந்து, தான் தைத்த தையலை விரலால் தடவிக்கொண்டே போனவர், பாதியில் நிறுத்தினார். கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தார்.

"ஐயையே. கோணலா இருக்கே! இதையா இத்தனை வருஷமா பிரிக்கக் கூடாதுன்னு காவல் காத்தீங்க?"

"எனக்கு நேராத்தான் தெரிஞ்சுது."

அக்கா அவரைப் பார்த்தார். பிறகு, இது காற்று வீசுகிற இடமில்லை என்றாலும், முந்தானையால் கண்ணில் எதையோ துடைத்துக்கொண்டார். துடைத்து முடித்ததும் வாய் முழுதாகத் திறந்துகொண்டது. மருந்துக்கடைக்காரர் காத்திருந்ததெல்லாம் ஒரே தவணையில் வந்தது. அந்தக் காலத்து இரும்பு, பம்பர், தலையணை மேல் போட்ட பழி, சிக்னலில் கையைத் தூக்கிக்கொண்டு இருந்த அழகு, ஒன்றும் பாக்கியில்லை. வரிசையில் நின்ற சங்கத்துக்காரர்கள் மரியாதை கருதி வேறு பக்கம் பார்த்தார்கள். ஒருவரும் நகர்ந்து போகவில்லை. மருந்துக்கடைக்காரர் மழையில் நனைகிற ஆளைப்போல முகத்தை ஏந்திக்கொண்டு நின்றார்.

வேலை அன்றே தொடங்கியது. ஒவ்வொன்றாகப் பழைய தையலை அக்காவே பிரித்தார். சீட்டுச் சட்டத்தின் உச்சியில் ஹெட்ரெஸ்ட்டின் கால்கள் இறங்குவதற்குத் தம்பி குழாய் வைத்துப் பற்றவைத்தான். கதவுக்குப் பின்னால் உள்ள தூணில், தோள் உயரத்தில், உள்ளே தகடு கொடுத்து ஒரு பிடிமானம். மிச்சம் இருந்தது தரை. தரையில் வட்டமாக வெட்டி, கனத்த குழாய்த் துண்டு ஒன்றை இறக்கி, அடியில் உள்ளங்கை அகலத்துக்கு இரும்புத் தகடு வைத்து, அதோடு போல்ட்டை முறுக்கவேண்டும். வெட்டுகிறபோது அடியில் யாராவது படுத்துக்கொண்டு, பிரேக் குழாயை ஒரு பக்கமாக ஒதுக்கிப் பிடித்துக்கொள்ளவேண்டும். அது தம்பியின் வழக்கமான வேலை. அவன் சாக்கை விரித்துக்கொண்டு குனிந்தான்.

"நீ இரு மச்சான். நான் போறேன்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"மாமா, சட்டை..."

"சட்டைக்கென்ன."

"கழுத்து பத்திரம்" என்றார் அக்கா, காருக்குள்ளிருந்து. "இப்பதான் பட்டையைக் கழட்டியிருக்கு."

தம்பியின் பாதுகாப்புக் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு, வெள்ளைச் சட்டையோடு, அவர் காருக்கு அடியில் நுழைந்தார். செருப்பு மட்டும் வெளியே தெரிந்தது. அக்கா தரைவிரிப்பைச் சுருட்டி ஒதுக்கினார். அடியில் பளபளவென்று வெளிர்நீலம்; மற்றவர்கள் தரைக்குக் கறுப்பு அடித்து மூடிவிடுவார்கள், இவர் யாருக்கும் தெரியாத இடத்துக்கும் அதே நிறம் அடித்து, மெழுகும் போட்டிருந்தார். அக்கா சாக்பீஸால் வட்டம் போட்டார். துளை வெட்டியை அதன் மேல் வைத்தார்.

"குழாயை ஒதுக்கிப் புடிச்சிருக்கீங்களா?"

"புடிச்சிருக்கேன்."

"ஆரம்பிக்கட்டுமா?"

"ம்" என்றது தரை.

வெட்டி சுழன்றது. முதலில் நீலம் தூளாகப் பறந்தது. அப்புறம் வெள்ளி மாதிரி இரும்பு தெரிந்தது. அப்புறம் கிறீச்சென்று ஒரு சத்தம். கைக்குக் கீழே பிடிப்பு விட்டது. வட்டத் துண்டு கழன்று கீழே விழுந்தது. அக்கா மெஷினை நிறுத்திவிட்டு, வெட்டு நேராக வந்திருக்கிறதா என்று பார்க்க, குனிந்து அந்த ஓட்டையில் ஒரு கண்ணை வைத்தார்.

பிரேக் குழாயைப் பிடித்திருந்த ஒரு கை தெரிந்தது. இரும்புத்தூள் அப்பிய வெள்ளைச் சட்டை தெரிந்தது. அதன் நடுவில், சட்டைப் பொத்தானைவிடச் சற்றுப் பெரிதாக, வெளிர்நீலமாக, அந்தத் துண்டு கிடந்தது. மற்றொரு கை மெல்ல வந்து அதை எடுத்தது. சூடு பொறுக்காமல் விட்டது, மறுபடி எடுத்தது. மேலே யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, மருந்துக்கடைக்காரர் அதை வாயருகே கொண்டுபோய் ஊதினார். கட்டைவிரலால் நீலப் பக்கத்தைத் துடைத்தார். சட்டைப் பைக்குள் போட்டு, பையின் பொத்தானையும் மாட்டினார்.